பொன்சிட்டின் இடது கண்

217, மில் தெரு
ஹாலண்ட் ஃபால்ஸ், விஸ்கான்சின்
ஆகஸ்ட் 12

மதிப்பிற்குரிய திருமதி ஹால்வர்சன் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் அனைவரும் நலம் என்று நம்புகிறேன். மூன்று குளிர்காலத்துக்கு முன் என் பனி தள்ளும் இயந்திரம் வாரி அடித்த பனியில் உங்கள் பறவைக் கம்பம் சாய்ந்ததிலிருந்து நமக்குள் பேச்சில்லை. தெருவே கேட்க அன்று நீங்கள் சொன்னவற்றை நான் மறந்துவிட்டேன், ஒன்றிரண்டைத் தவிர. இப்போது எழுதுவது அந்தப் பழைய கதைக்காக அல்ல.

இத்துடன் ஒரு புகைப்படம் வைத்திருக்கிறேன். தோட்டக் கழகத்தின் அடுத்த ஆண்டு நாட்காட்டிக்காக என் ஊதாக் கூம்புப்பூக்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். நான் பூவைத்தான் எடுத்தேன். பறவை தானாக வந்து உட்கார்ந்தது. உங்கள் கம்பத்துக் கொக்கியில் விதை நிரப்பி மாட்டியிருக்கும் தீனிக்குழாயில் நாள் முழுக்கத் தொங்குகிற பொன்சிட்டுகளில் ஒன்று, ஆண். எலுமிச்சை மஞ்சள் உடம்பு, கறுப்புச் சிறகு, நெற்றியில் கறுப்புத் தொப்பி, எல்லாம் சரி. இடது கண்ணைப் பாருங்கள். வீங்கி, ஓரத்தில் பொருக்குத் தட்டி, மூடிக் கிடக்கிறது. கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றேன். அது பறக்கவில்லை. என்னைப் பார்த்திருந்தால் பறந்திருக்கும்.

இது கண்நோய், தொற்றக்கூடியது. ஒரு பறவை குழாயின் ஓட்டைக்குள் அலகை விட்டுக் கண்ணை உரசிவிட்டுப் போனால், அடுத்த பறவையும் அதே இடத்தில்தான் உரசும். பறவை விஷயம் தெரிந்தவர்கள் சொல்வது இதுதான்: குழாயை இறக்கி, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவி, இரண்டு வாரமாவது மாட்டாமல் வைக்க வேண்டும். பறவைகள் பிரிந்து போய்விடும், நோயும் அடங்கும். உடனே செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று. என் புல்தரையில் இந்த வருடமும் முட்பூண்டு முளைத்திருக்கிறது. உங்கள் குழாயிலிருந்து சிந்துகிற விதைதான் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

இப்படிக்கு,
நார்பர்ட் ராட்கே


219, மில் தெரு
ஆகஸ்ட் 16

பக்கத்து வீட்டுத் திரு. ராட்கே அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. நம் இரண்டு வாசலுக்கும் நடுவே ஒரு வேலிதான். அந்தக் கடிதமோ கிரீன் பே நகரத் தபால் நிலையம் வரைக்கும் போய், முத்திரை குத்திக்கொண்டு, ஊரெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. தபால்தலை ஒட்டாத எதையும் அடுத்தவர் தபால்பெட்டியில் போடக்கூடாது என்கிற சட்டத்தை இந்தத் தெருவில் மதிக்கும் ஒரே மனிதர் நீங்கள்தான். கதவைத் தட்டியிருக்கலாமே என்று எழுத வந்தேன். தட்டியிருந்தால் கத்தியிருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும். இருபது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள், மெதுவாகப் பேச வராது. ஆகவே நானும் தபால்தலை ஒட்டுகிறேன்.

முதலில் முட்பூண்டு. நான் போடுவது காட்டெள்ளு. கப்பலில் வந்து இறங்கியதுமே அதைச் சூடுகாட்டிவிடுகிறார்கள். தலைகீழாக நின்றாலும் முளைக்காது. உங்கள் புல்தரையில் முளைப்பது காற்று கொண்டுவந்தது. காற்றுக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள்.

இனி பறவை. உங்கள் படத்தைப் பார்த்தேன். வெயிலில் கண்ணைச் சுருக்கியிருக்கிறது, அவ்வளவுதான். என் குழாயில் நோய்ப் பறவை எதையும் நான் பார்க்கவில்லை.

பார்த்தாலும் இறக்க மாட்டேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் லீலண்டை ஜூலையில் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டோம். இனி அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டு மேசையை வெளியே போட்டுவிட்டு அந்த இடத்தில், ஜன்னலை ஒட்டிக் கட்டில் போட்டிருக்கிறது. கேமராவை அதன் தாங்கியில் நிறுத்திக் குழாயைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறேன். அதன் பொத்தானை ஒரு நீளமான ஒயரில் அவர் கையில் கொடுத்திருக்கிறேன். கேமராவைத் தூக்குகிற பலம் கையில் இல்லை. பொத்தானை அமுக்குகிற பலம் இருக்கிறது. சாப்பாடு இறங்குவதில்லை, பேச்சும் குறைந்துவிட்டது. குஞ்சுகள் இப்போதுதான் கூட்டைவிட்டு வந்திருக்கின்றன. அவை சிறகை உதறி உதறித் தாயிடம் தீனி கேட்கும்போது மட்டும் "பாரு, பாரு"ங்கறார்.

இன்னும் சில வாரம் என்கிறாள் நர்ஸ். அதில் இரண்டு வாரத்தை உங்களிடம் கொடுக்க என்னால் முடியாது. அவர் போன பிறகு குழாயை இறக்கிவிடுகிறேன். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வெர்னா ஹால்வர்சன்


217, மில் தெரு
ஆகஸ்ட் 19

மதிப்பிற்குரிய திருமதி ஹால்வர்சன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன். லீலண்ட் விஷயம் எனக்குத் தெரியாது. உங்கள் வாசலில் அடிக்கடி நிற்கும் வெள்ளைக் கார் இன்சூரன்ஸ்காரருடையது என்று நினைத்திருந்தேன். வேலி கட்டியவனுக்கு வேலிக்கு அந்தப் பக்கம் நடப்பது தெரியாமல் போனால் அதற்கு யாரைக் குறை சொல்வது?

என் மனைவி டோரீன் நோயில் படுத்திருந்தபோது நீங்கள் ஒரு கண்ணாடிப் பாத்திரம் நிறையக் கோழியும் நூடுல்ஸும் கொண்டுவந்து வைத்தீர்கள். அடியில் டேப் ஒட்டி உங்கள் பெயர் எழுதியிருக்கிறது. அவள் போய் இத்தனை வருடத்தில் அதை நான் திருப்பித் தரவில்லை. காலிப் பாத்திரமாகத் தரக்கூடாது, எனக்குச் சமைக்கத் தெரியாது, அப்படியே நாள் ஓடிவிட்டது. இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஆனால் குழாய் விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான். நேற்று என் டேலியாப் பாத்தியில் இரண்டு பொன்சிட்டுகள் செத்துக் கிடந்தன. ஒன்று இந்த வருடத்துக் குஞ்சு. இரண்டுக்கும் கண் இல்லை, பொருக்குத்தான் இருந்தது. கையுறை போட்டுப் புதைத்தேன். சாயங்காலம் மற்றவை எல்லாம் பறந்த பிறகும் ஒன்று மட்டும் உங்கள் குழாயிலேயே உடம்பை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பசியால் அல்ல, போகிற வழி தெரியாமல். ஏணி போட்டால் என் வேலிக்கு மேலிருந்து தெரிகிறது. ஏணியில் ஏறி உங்கள் வீட்டை எட்டிப் பார்த்தேன் என்று நினைக்க வேண்டாம், பறவையைத்தான் பார்த்தேன்.

லீலண்ட் ஆசையாகப் பார்க்கிற அந்தக் குஞ்சுகள்தான் அங்கே கண்ணைக் கொடுத்துவிட்டுப் போகின்றன. இதைச் சொல்லாமல் இருந்தால் நல்ல பக்கத்து வீட்டுக்காரனாக இருந்திருப்பேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இப்படிக்கு,
நார்பர்ட் ராட்கே


219, மில் தெரு
ஆகஸ்ட் 23

திரு. ராட்கே அவர்களுக்கு,

குழாயை இறக்கிவிட்டேன். பிளீச் நாற்றத்தோடுதான் இதை எழுதுகிறேன். நீங்கள் சொன்னது சரி. இந்த மூன்று வார்த்தையை எழுத ஒரு காப்பி முழுக்க ஆறிப்போய்விட்டது.

உங்கள் கடிதத்துக்காக இறக்கவில்லை. அதைப் படித்துவிட்டு உங்களைத் திட்டிக்கொண்டேதான் லீலண்டின் படங்களைப் பிரிண்ட் போட மருந்துக்கடையின் ஃபோட்டோ கவுண்டருக்குப் போனேன். படுக்கைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டலாம் என்று நினைத்திருந்தேன். கடைப் பெண் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். எல்லாம் ஒரே பறவை. முதலில் இடது கண் ஓரம் லேசான சிவப்பு. பிறகு வீக்கம். பிறகு மூடியது. கடைசிப் படங்களில் வலது கண்ணும் போய்விட்டது. அவர் கூட்டத்தில் அதை மட்டும் தேடித் தேடி எடுத்திருக்கிறார். கடைப் பெண், "அழகா இருக்கு ஆன்ட்டி, தூங்குதா?"ன்னு கேட்டாள்.

வீட்டுக்கு வந்து கட்டில் மேல் படங்களைப் பரப்பினேன்.

"தெரியுமா உங்களுக்கு?"

"உம்."

"எப்போலேர்ந்து?"

"அந்த ராட்கே கடுதாசி வர்றதுக்கு முன்னாடியே."

"பின்னே ஏன் வாயைத் திறக்கல? நான் வெயில்ல கண்ணைச் சுருக்குதுன்னு அந்தாளுக்கு எழுதி அனுப்பிட்டு உக்காந்திருக்கேன்!"

சிரித்தார். சிரித்தால் இருமல் வரும், வந்தது. அடங்கின பிறகு சொன்னார். "காலைல நீ குழாயை நெரப்பிட்டு உள்ள வர்றப்போ உன் மூஞ்சி எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது. மாத்திரை, கஞ்சி, துணி, எது பண்ணிட்டு வந்தாலும் அந்த மூஞ்சி வராது. அதைப் புடுங்க மனசு வரல வெர்னா."

நான் அவருக்காகவென்று மாட்டியிருந்தேன். அவர் எனக்காகவென்று விட்டு வைத்திருந்தார். நடுவில் பறவைகள் செத்துக்கொண்டிருந்தன. நல்ல குடும்பம்.

"இறக்கிடு"ன்னார். இறக்கினேன்.

இப்போது என்ன நடக்கிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பறவைகள் வருகின்றன, கொக்கியைச் சுற்றுகின்றன, போகின்றன. இன்று காலை அதுவும் நின்றுவிட்டது. லீலண்ட் வெறும் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். பழக்கத்தில் பொத்தானை அமுக்குகிறார். கேமராவில் கொக்கியின் படமாக நிறைந்து கிடக்கிறது. இன்னும் இரண்டு வாரம் கழித்துத்தான் மாட்ட வேண்டும். அவருக்கு இரண்டு வாரம் இருக்கிறதா என்று நர்ஸைக் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நீங்கள் செய்தது நியாயம்தான். உங்கள் மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

வெர்னா ஹால்வர்சன்


ஆகஸ்ட் 25, மாலை

திருமதி ஹால்வர்சன்,

இதில் தபால்தலை இல்லை. ஆகவே பெட்டியில் போடாமல் உங்கள் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

நாளை விடிந்ததும் உங்கள் ஜன்னலடியில் மண்வெட்டிச் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம், நான்தான். என் கூம்புப்பூக்களையும் சூரியகாந்திகளையும் அங்கே கொண்டுவந்து நடப் போகிறேன். பொன்சிட்டுக்குக் குழாயைவிட அவற்றின் விதை பிடிக்கும். செடியில் ஆளுக்கொரு பூவில் உட்கார்ந்து தின்னும். ஒரே ஓட்டையில் எல்லாம் வந்து முகத்தை உரசாது. குழாயை இறக்கச் சொன்னவர்கள் செடியை வேண்டாம் என்று சொல்லவில்லை.

இத்தனை வருடமாக அவை என் பாத்தியில் விதை தின்னாததற்குக் காரணம் நான். பூ வாடத் தொடங்கியதும் தலையைக் கத்தரித்துவிடுவேன். பார்க்கச் சுத்தமாக இருக்கும், புதுப்பூவும் வரும். உங்கள் முதல் கடிதம் வந்ததிலிருந்து கத்தரியைத் தொடவில்லை. காய்ந்த தலைகள் இப்போது நிறைய இருக்கின்றன.

பூத்து நிற்கிற செடியை ஆகஸ்டில் பிடுங்கி நட்டால் வாடும். வாடட்டும். நமக்கு வேண்டியது விதை.

சனிக்கிழமை தோட்டக் கழகத்தார் என் பாத்தியைப் பார்வையிட வருகிறார்கள். அவர்களுக்குக் குழி இருக்கிறது, பார்த்துக்கொள்ளட்டும்.

ந. ராட்கே


219, மில் தெரு
ஆகஸ்ட் 30

அன்புள்ள நார்பர்ட்,

இதை ஜன்னல் பக்கத்திலிருந்து லீலண்டும் சேர்ந்து எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதியதை வாசித்துக் காட்டினால் நடுவில் நடுவில் திருத்துகிறார்.

அன்று காலை நீங்கள் தள்ளுவண்டியில் செடியை ஏற்றிக்கொண்டு உங்கள் வாசல், நடைபாதை, எங்கள் வாசல் என்று தெருவைச் சுற்றி வந்துகொண்டே இருந்தீர்கள். சூரியகாந்தி தலையாட்டிக்கொண்டு ஊர்வலம் போனது போல் இருந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் காப்பிக் கோப்பையோடு வாசலுக்கே வந்துவிட்டார்கள். லீலண்ட் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவ்ளோ கஷ்டப்பட்டு வேலி கட்டினாரே, அதுல ஒரு கதவு வெக்கணும்னு தோணல பாரு."

முதல் நாள் ஒன்றும் வரவில்லை. செடிகள் துவண்டு நின்றன. நீங்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினீர்கள். லீலண்ட் எடுத்த படங்களில் உங்கள் பின்புறம் மட்டும் இருந்தது. "யோவ் நார்ப், கொஞ்சம் நகருய்யா! நீ குனிஞ்சா ரெண்டு ஜன்னலும் மறையுது!"ன்னு உள்ளேயிருந்து கத்தினார். உங்களுக்குக் கேட்டிருக்காது, அவர் கத்துவது இப்போது எனக்கே பக்கத்தில் நின்றால்தான் கேட்கும். ஆனாலும் கத்தினார், நார்பர்ட். ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அதுதான்.

மறுநாள் ஒரு பெட்டை வந்தது. சாய்ந்து கிடந்த கூம்புப்பூவில் தலைகீழாகத் தொங்கி, இதழை ஒவ்வொன்றாகப் பிய்த்து எறிந்துவிட்டு விதையைத் தின்றது. பிறகு கூட்டம். இப்போது எல்லாம் வருகின்றன. ஆளுக்கொரு பூ. எல்லாவற்றுக்கும் இரண்டு கண்ணும் திறந்திருக்கிறது. லீலண்ட் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டார். அந்தக் குருட்டுப் பறவை வரவில்லை. அது போயிருக்கும்.

குழாயில் இருக்கும்போது அவை எந்திரம் மாதிரித் தின்னுமாம், செடியில்தான் விளையாடுமாம். "முப்பது வருஷமா தப்பான படம் எடுத்துட்டேன்"னார்.

தண்ணீர் ஊற்ற வந்தால் வெளியிலிருந்தே போகாதீர்கள். உள்ளே வந்து உட்காருங்கள். அவர் கேட்கிறார்.

பாத்திரம் கிடைத்தது. உள்ளே சாசேஜும் புளித்த முட்டைக்கோஸும். நன்றாகத்தான் இருந்தது. கடையில் வாங்கியது என்று தெரியும், சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
வெர்னா


217, மில் தெரு
செப்டம்பர் 13

அன்புள்ள வெர்னா அவர்களுக்கு,

அடக்கத்தின்போது என்ன சொல்வதென்று தெரியாமல் வரிசையில் வந்து கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டேன். எழுதினால் வருமோ என்று உட்கார்ந்தேன். எழுதினாலும் வரவில்லை. லீலண்ட் இல்லாதது எனக்கு இவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு வாரம்தான் பழகினோம். மூன்று வருடத்தை வீணடித்துவிட்டு ஒரு வாரம்.

நீங்கள் அடுப்படியில் இருந்தபோது அவர் என்னிடம் ஒன்று சொன்னார். உங்களிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, ஆகவே எழுதுகிறேன்.

"நார்ப், அந்தக் கொக்கி என் உயரத்துக்கு வெச்சது. அவளுக்கு எட்டாது. இத்தனை நாள் முக்காலி மேல ஏறித்தான் மாட்டிட்டிருக்கா, நான் பாத்துட்டுப் படுத்திருக்கேன். விழுந்து வெப்பா. ஏற விடாதே."

"கொக்கியை இறக்கி வெச்சுடட்டுமா?"ன்னு கேட்டேன்.

"வேணாம்யா. இறக்கிட்டா நீ எதுக்கு வருவே?"

சரி என்று சொல்லிவிட்டேன். இரண்டு வாரக் கெடு முடிந்துவிட்டது. குழாயை மாட்டுகிற எண்ணம் இருந்தால் சொல்லி அனுப்புங்கள். இல்லையென்றாலும் பரவாயில்லை. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டிய அவசியம் இனி இல்லை, விதை முற்றிவிட்டது. ஆனாலும் ஊற்ற வருகிறேன்.

அன்புடன்,
நார்பர்ட்


219, மில் தெரு
செப்டம்பர் 27, சனி

அன்புள்ள நார்பர்ட்,

பதில் எழுத நாளாகிவிட்டது. கட்டிலை எடுத்துப் போய்விட்டார்கள். சாப்பாட்டு மேசையைப் பழைய இடத்தில் போட்டேன். அதில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை, அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன். குழாயைக் குப்பையில் போட்டேன், மறுநாள் காலை குப்பை வண்டி வருவதற்குள் போய் எடுத்துவந்தேன். அது இப்போது கழுவுதொட்டி ஓரத்தில் இருக்கிறது. திரும்ப மாட்டக்கூடாது என்றுதான் இருந்தேன். யாருக்காக மாட்டுவது? பார்க்கிறவர் போய்விட்டார்.

நேற்று கேமராவைக் கழற்றினேன். கடைசியாக என்ன எடுத்திருக்கிறார் என்று பார்த்துவிட்டு மூடி வைக்கலாம் என்று நினைத்தேன். ஏதாவது பொன்சிட்டு இருக்கும், நன்றாக இருந்தால் சட்டம் போடலாம் என்று. அந்தப் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பாருங்கள்.

அவர் போவதற்கு முந்தின நாள் காலை. நீங்கள் வாளியோடு நிற்கிறீர்கள். நான் அங்கியோடு வெளியே வந்து, செடி அழுகிவிடும், இவ்வளவு ஊற்றாதீர்கள் என்று சண்டை போட்டேனே, அது. இரண்டு பேர் வாயும் திறந்திருக்கிறது. இரண்டு பேர் கையும் காற்றில் இருக்கிறது. பறவை இல்லை. நன்றாகத் தேடினால் ஓரத்தில் ஒரு வால் மட்டும் தெரிகிறது.

கைதவறி அமுக்கியிருப்பார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அதற்கு முந்தின படங்களைப் பார்த்தேன். கேமரா பூவைப் பார்த்துத்தான் இருந்தது. நாம் நின்றது அதற்குப் பக்கத்தில். நம்மை உள்ளே கொண்டுவர வேண்டுமென்றால் அவர் கட்டிலிலிருந்து எட்டிக் கேமராவைத் திருப்பியிருக்க வேண்டும். தண்ணீர்க் கோப்பையைத் தூக்க முடியாத கையால் அதைச் செய்திருக்கிறார். முப்பது வருடமாகப் படத்துக்குள் என் நிழல் விழுந்தால்கூட "தள்ளு, தள்ளு"ன்னு கத்தின மனிதர், பறவையைத் தள்ளிவிட்டு என்னை எடுத்திருக்கிறார்.

அழுதேன். நிறைய அழுதேன். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

மஞ்சள் வெளுக்கத் தொடங்கிவிட்டது, கவனித்தீர்களா? இன்னும் கொஞ்ச நாளில் எல்லாம் சருகு நிறத்துக்கு வந்துவிடும். எதிர்வீட்டுப் பெண் நேற்று, "மஞ்சக் குருவியெல்லாம் தெக்கே போயிடுச்சா?"ன்னு கேட்டாள். எங்கேயும் போகவில்லை, குளிர்காலச் சட்டை போட்டிருக்கிறது, இங்கேதான் இருக்கும் என்றேன். சொல்லி முடித்த பிறகு, பனி விழுந்து செடியெல்லாம் மூடிவிட்டால் அவை என்ன தின்னும் என்று நினைத்துக்கொண்டேன். அதனால் புதுக் காட்டெள்ளு வாங்கி வந்திருக்கிறேன். பழையதை அவை தொடாது, அவ்வளவு திமிர்.

திங்கட்கிழமை காலை மாட்டலாம். கொக்கி உங்களுக்கு எட்டும். இதில் தபால்தலை ஒட்டவில்லை. கிரீன் பே போய் வருவதற்குள் நான் முக்காலியில் ஏறிவிடுவேன். உங்கள் கதவில் ஒட்டிவிட்டு வருகிறேன்.

காப்பி போட்டு வைக்கிறேன். கதவைத் தட்டுங்கள். நான் கத்தினாலும் உள்ளே வாருங்கள்.

அன்புடன்,
வெர்னா